போர் தண்ணியில் செடித் தொட்டி: உரத்தைக் கூட்ட வேண்டாம், வகையை மாற்றுங்கள்

போர் தண்ணீர் ஊற்றிய செடித் தொட்டியில், அதாவது நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டியில், முதலில் வெளுப்பது கொழுந்துதான். கீழே இருக்கும் பழைய இலை நல்ல பச்சையாகவே இருக்கும். மேலே புதிதாக விரிவது மஞ்சளாக வரும், முற்றிப்போனால் வெள்ளையாகவே வரும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். மீன் கடையில் கேட்டால் "உரம் பத்தலண்ணே, டோஸைக் கூட்டிப் பாருங்க" என்பார்கள். கூட்டினால் கண்ணாடியில் பாசி ஏறும், கொழுந்து வெளுத்தது வெளுத்தபடியே இருக்கும். போட்ட இரும்பெல்லாம் துருவாகி மணலில் கிடக்கிறது, செடிக்குப் போய்ச் சேரவில்லை. உப்புத் தண்ணியில் உரம் வைப்பதில் பாதி வேலை இந்த ஒன்றைச் சரிசெய்வதுதான். மற்றதெல்லாம் சாதாரண எடைக் கணக்கு.

எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மதுரையில் ஒரே வீட்டுக்குள் நாலு வகைத் தண்ணீர் இருக்கும். மாநகராட்சிக் குழாயில் வருவது ஆற்று, அணைத் தண்ணீர். போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று ஓட்டுநருக்குத்தான் தெரியும். சமையலறையில் ஆர்.ஓ. இருக்கும். இதில் பெரிய தொல்லை தரைக்கடியில் இருக்கும் சம்ப். மாநகராட்சித் தண்ணீரும் போர் தண்ணீரும் அதில் ஒன்றாக விழுந்து மாடி டேங்குக்கு ஏறுவதால், போன வாரம் ஊற்றியதும் இந்த வாரம் ஊற்றுவதும் ஒன்றாக இருக்காது. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பக்கெட்டில் விட்டுப் பாருங்கள். கடினம் எவ்வளவு என்று அது சொல்லாது, கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். ஆனால் 450 காட்டிய தண்ணீர் திடீரென்று 900 காட்டினால், மோட்டார் போர் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு அது போதும்.

அபார்ட்மென்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். மொட்டை மாடியிலோ மோட்டார் அறையிலோ 'சாஃப்ட்னர்' இருக்கிறதா? உப்பு மூட்டை வாங்கிப் போடுகிறார்கள் என்றால் இருக்கிறது. அந்த இயந்திரம் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். பைகார்பனேட்டைத் தொடாது. அதாவது செடி சாப்பிடும் இரண்டையும் எடுத்துவிட்டு, செடிக்குத் தொல்லை தரும் ஒன்றை அப்படியே விட்டுவைக்கும். சோப்பு நன்றாக நுரைக்கிறதே என்று நம்பி ஊற்றாதீர்கள். சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாயில் பிடியுங்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

கடினம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. கால்சியம், மெக்னீசியம் இரண்டும் சேர்ந்தது ஜி.எச். பைகார்பனேட், கார்பனேட் சேர்ந்தது கே.எச்.; ஆய்வக ரிப்போர்ட்டில் இது 'மொத்தக் காரத்தன்மை' என்று இருக்கும். ஜி.எச். எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலான செடிகள் கவலைப்படாது, அது அவற்றுக்குச் சாப்பாடு. தண்ணீரின் அமில-கார அளவான பி.எச்.ஐ மேலே தூக்கி இரும்பைக் கெடுப்பது கே.எச். ஆகவே சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கே.எச். கிட்டை வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும் சொட்டின் எண்ணிக்கைதான் கே.எச். அளவு.

ஒரு தடவையாவது முழு ரிப்போர்ட் எடுத்துக்கொள்வது நல்லது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தரும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீராகவும் கொடுக்கலாம். மொத்தக் கடினம், கால்சியம் கடினம், மொத்தக் காரத்தன்மை, நைட்ரேட் நான்கும் வேண்டும் என்று கேளுங்கள். எண்கள் லிட்டருக்கு மில்லிகிராமில் வரும். கடினத்தையும் காரத்தன்மையையும் 17.9-ஆல் வகுத்தால் ஜி.எச்., கே.எச். டிகிரி கிடைக்கும்.

ஒரு உதாரணம். மொத்தக் கடினம் 420, கால்சியம் கடினம் 250, காரத்தன்மை 320, நைட்ரேட் 30 என்று வந்தால்:

ஜி.எச். 23½, கே.எச். 18.
கால்சியம்: 250 × 0.4 = 100 மில்லிகிராம்.
மெக்னீசியம்: (420 − 250) × 0.243 = 41 மில்லிகிராம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500) கடினத்துக்கு விரும்பத்தக்க அளவு 200, வேறு வழியே இல்லாதபோது 600 வரை. ஆகவே இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று சொல்ல முடியாது, சுவைதான் சப்பென்று இருக்கும். செடித் தொட்டிக்கு இந்த எண்களிலிருந்து மூன்று முடிவு எடுக்கலாம். கால்சியம் எந்த வடிவத்திலும் வாங்கத் தேவையில்லை. மெக்னீசியம் 10-க்கு மேல் இருப்பதால் எப்சம் உப்பும் வேண்டாம். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று வாராவாரம் ஒரு கரண்டி எப்சம் போடுகிறவர்கள் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. மூன்றாவது, இதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை: நைட்ரேட் 30 குழாயிலேயே வருகிறது. தோட்டமும் வயலும் சூழ்ந்த இடத்துக் கிணற்றில் யூரியா போய் இறங்குவது சகஜம். அந்தத் தண்ணீரில் வழக்கமான டோஸ் நைட்ரேட்டையும் போட்டால் தேவைக்கு மேல் ஏறிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பொட்டாசியம் நைட்ரேட்டை விட்டுவிட்டு, பொட்டாசியத்துக்குப் பொட்டாசியம் சல்பேட் மட்டும் போடுங்கள்.

ஆர்.ஓ. கலப்பது எதற்கு, எதற்கு அல்ல

பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்தால் கே.எச். 18 என்பது 9½ ஆகிவிடும் (ஆர்.ஓ.விலும் கொஞ்சம் கே.எச். மிஞ்சியிருக்கும்), இரும்புப் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு தனியாகக் கொடுக்காத தொட்டியில் அந்த வாயு 2½ பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், கே.எச். 18-இல் பி.எச். 8.3, கே.எச். 9½-இல் 8.05. கே.எச். பாதியானபோது பி.எச். கால் புள்ளிதான் இறங்கியது. இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

கலப்பதால் வேறு நன்மை இருக்கிறது. ஒளி அதிகம், கார்பன் டை ஆக்சைடு கம்மி என்ற நிலையில் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்றவை பைகார்பனேட்டை உடைத்துக் கார்பனை எடுத்துக்கொள்ளும். எடுத்த இடத்தில் சுண்ணாம்பு படியும். இலையின் மேற்பரப்பில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு சொரசொரப்பு. கட்டைவிரலால் தேய்த்தால் நறநறவென்று வரும். ஒரு இலையைக் கிள்ளித் தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் பொடிக் குமிழி கிளம்பும். இந்தப் பூச்சு ஏறிய இலைக்கு ஒளி சரியாகப் போகாது. கே.எச். 8–10-க்கு வந்துவிட்டால் இது வெகுவாகக் குறையும். ரோட்டாலா, அமேனியா வகைகளும் அங்கேதான் சற்று நிம்மதியாக இருக்கும்.

வீட்டு ஆர்.ஓ.விலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாகிறதே என்று தொட்டிக்கு விடாதீர்கள். உள்ளே போனதைவிட உப்பு கூடுதலாக இருப்பது அதுதான். மழைத்தண்ணீர் இலவசமாகக் கிடைக்கும் ஆர்.ஓ. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்பதால் குழாய் அமைப்பு பெரும்பாலான வீட்டில் இருக்கிறது. 100 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் வரும். ஐப்பசியில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடி கழுவப்பட்ட பிறகு டிரம்மில் பிடியுங்கள். வெயிலுக்காகச் சுண்ணாம்பு அடித்த மாடியில் பிடித்தால் பயனில்லை, அது கடினத் தண்ணீராகவே இறங்கும்.

ஆசிட் ஊற்றிப் பி.எச். குறைப்பதைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. கே.எச். 18-இல் இன்றைக்கு இறக்கியது நாளை மறுநாள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். நடுவில் மீன்தான் அடி வாங்கும். வாதாம் இலை மீனுக்கு நல்லது, தண்ணீருக்குச் சாயம் தரும், இவ்வளவு காரத்தை அசைக்காது.

இரும்பு

இரும்பை வெறும் உப்பாகக் கொடுத்தால் பி.எச். 8 தண்ணீரில் ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரமே துருவாகிவிடும். அதனால்தான் செலேட் என்ற பிடிப்போடு கொடுக்கிறோம். மூன்று வகை கிடைக்கிறது, மூன்றும் பிடிக்கும் எல்லை வேறு.

ஈ.டி.டி.ஏ. இரும்பு மலிவு, எல்லா உரக்கடையிலும் இருக்கும், மீன் கடையில் கிடைக்கும் திரவ உரங்கள் பலவற்றிலும் இதுதான். பி.எச். 6½ வரை சரியாகப் பிடித்திருக்கும். அதற்கு மேல், அதுவும் கால்சியம் நிறைய இருக்கும் தண்ணீரில், இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். போர் தண்ணீர்த் தொட்டிக்கு இது கிட்டத்தட்ட வீண்.

டி.டி.பி.ஏ. இரும்பு 7½ வரை தாங்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்த தொட்டிக்கு இதுவே சரி. 30 பி.பி.எம். வாயு இருக்கும்போது கே.எச். 18 தண்ணீரிலும் பி.எச். 7¼ அளவில்தான் நிற்கும்.

ஈ.டி.டி.எச்.ஏ. இரும்பு 9 வரைக்கும் விடாது. வாயு கொடுக்காத தொட்டிக்கு வேறு வழியில்லை, இதுதான். பாக்கெட்டில் இரும்பு 6 சதவீதம் என்று போட்டிருக்கும்; அதோடு 'ஆர்த்தோ-ஆர்த்தோ 4.8' என்றும் இருந்தால் நல்ல சரக்கு. இதில் ஒரே குறை நிறம். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் தொட்டி நன்னாரி சர்பத் ஆகிவிடும். மீனுக்கோ செடிக்கோ கெடுதல் இல்லை, வெளிச்சத்தில் சில நாளில் வெளுத்துவிடும். ஆனாலும் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். அதனால் அளவு சிறிதாக, தடவை கூடுதலாகப் போடுங்கள்.

மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், போட்டால் போதாதா என்பார்கள். மல்லிக் கொழுந்து வெளுத்தால் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிப்பது வழக்கம், பலனும் தெரியும். அங்கே கரைசல் நேராக இலையில் படுகிறது. தொட்டியில் அது பி.எச். 8 தண்ணீரைக் கடந்துதான் இலைக்குப் போக வேண்டும், போவதற்குள் காவி நிறப் பொடியாகிவிடும்.

இரும்பைக் காலையில், விளக்கு எரிவதற்கு முன்னால் போடுங்கள். இரவு முழுக்க மீனும் செடியும் மூச்சு விட்டதில் பி.எச். அப்போதுதான் மிகக் குறைவு. செடி அடர்ந்த தொட்டியில் சாயங்காலம் அது நன்றாக ஏறிவிடும்.

இரண்டு பாட்டில்

கீழே உள்ள அளவு 100 லிட்டர் நிஜத் தண்ணீருக்கு. நிஜத் தண்ணீர் என்றால் தொட்டியின் கொள்ளளவு அல்ல. 3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1¼ அடி உயரத் தொட்டி கணக்கில் 132 லிட்டர் பிடிக்கும். மேலே 2 அங்குலம் விட்டு, மணல், கல், கட்டை போகக் கிட்டத்தட்ட 100-தான் நிற்கும். முதல்முறை நிரப்பும்போது பக்கெட்டை எண்ணி வைத்துவிட்டால் சந்தேகமே இல்லை.

எடை போட 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு வேண்டும். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைக்காரர்கள் கையில் இருக்குமே, அந்த மாதிரி. டீஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள், மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுத்து எடை மாறிவிடும்.

முதல் பாட்டில், 500 மில்லி:
பொட்டாசியம் நைட்ரேட் (13-0-45) 40 கிராம்
பொட்டாசியம் சல்பேட் (0-0-50) 20 கிராம்
மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0-52-34) 4 கிராம்

இதில் 10 மில்லி ஊற்றினால் 100 லிட்டரில் நைட்ரேட் 4.9, பாஸ்பேட் 0.56, பொட்டாசியம் 5.1 பி.பி.எம். ஏறும். மூன்றும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கான 'தண்ணீரில் கரையும் உரம்' என்ற பெயரில் உரக்கடையில் ஒரு கிலோ பாக்கெட்டாகக் கிடைக்கும். ஒரு கிலோ என்பது ஒரு தொட்டிக்கு வருஷக் கணக்கில் வரும், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். முதலில் 400 மில்லி தண்ணீரில் பொட்டாசியம் சல்பேட்டைக் கரையுங்கள். அதுதான் மெதுவாகக் கரையும். முழுக்கத் தெளிந்த பிறகு மற்ற இரண்டையும் போட்டு 500 வரை நிரப்புங்கள்.

கரைக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். போர் தண்ணீரில் கரைத்தால் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து மறுநாளே வெள்ளையாக அடியில் உட்காரும். குலுக்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அது மறுபடி கரையாது.

இரண்டாம் பாட்டில், 250 மில்லி, நிறமுள்ள பாட்டில்:
வாயு இல்லாத தொட்டிக்கு ஈ.டி.டி.எச்.ஏ. இரும்பு (6 சதவீதம்) 2 கிராம். 10 மில்லிக்கு 0.05 பி.பி.எம்.
சிலிண்டர் வைத்த தொட்டிக்கு டி.டி.பி.ஏ. இரும்பு (11 சதவீதம்) 2.3 கிராம். 10 மில்லிக்கு 0.1 பி.பி.எம்.

இதை ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பூஞ்சை நூலாக மிதந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். முதல் பாட்டில் பார்வைக்கு வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பெரிய எழுத்தில் பெயர் ஒட்டிக் குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், ஒரே நாளில் ஊற்றவும் வேண்டாம். இரும்பும் பாஸ்பேட்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் இரண்டும் கரையாத பொடியாகி இரண்டுமே செடிக்கு இல்லை.

சாதாரண எல்.இ.டி., 6–7 மணி நேரம், வாயு இல்லை என்றால் ஞாயிறு 30 லிட்டர் தண்ணீர் மாற்றிவிட்டு முதல் பாட்டிலில் 10 மில்லி. திங்கள், வியாழன் காலை இரண்டாம் பாட்டிலில் 10 மில்லி. அவ்வளவுதான் ஒரு வாரத்துக்கு. சிலிண்டரும் நல்ல வெளிச்சமும் உள்ள தொட்டிக்கு ஞாயிறு 50 லிட்டர் மாற்றி, ஞாயிறு, செவ்வாய், வியாழன் முதல் பாட்டில் 10 மில்லி, திங்கள், புதன், வெள்ளி இரண்டாம் பாட்டில் 10 மில்லி, சனிக்கிழமை லீவு. மீன் நிறைய இருக்கும் தொட்டியில், முக்கியமாகத் தங்கமீன் இருந்தால், நைட்ரேட்டைப் பாதியாகக் குறையுங்கள். மீன் கழிவே அந்த வேலையைப் பார்க்கும்.

மாங்கனீசு, துத்தநாகம், போரான் போன்றவற்றுக்கு மீன் தொட்டிக்கென்று விற்கும் நுண்ணூட்ட உரத்தை லேபிள் அளவில் பாதி போட்டால் போதும். பயிர்களுக்கான நுண்ணூட்டக் கலவையில் செம்பு எவ்வளவு என்று பாருங்கள். இரும்பு 3, செம்பு 1 சதவீதம் உள்ள பாக்கெட்டில் இரும்பு 0.1 பி.பி.எம். வரும்வரை போட்டால் செம்பு 0.03-க்கு மேல் ஏறும். இறால் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சிலிண்டர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாயு அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றினால் அது காட்டும் நிறம் பொய். கே.எச். 18 உள்ள தண்ணீர் பச்சை ஆக வேண்டுமானால் வாயு 30-க்கு எங்கேயோ மேலே போயிருக்கும், மீன் வாய் பிளந்து மேலே வந்துவிடும். உள்ளே கே.எச். 4 தண்ணீர்தான் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் சமையல் சோடா 1.2 கிராம் கரைத்து, அதில் 10 மில்லியோடு 90 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் கே.எச். 4 தயார்.

19:19:19 ஏன் கூடாது

மாடித்தோட்டத்துக்கு வாங்கிய 19:19:19 பாக்கெட் வீட்டில் இருக்கும். ரோஜாவுக்குப் போடுவதுதானே என்று ஒரு சிட்டிகை போடத் தோன்றும். அதில் நைட்ரஜன் பெரும்பகுதி யூரியாவாகவும் அமோனியமாகவும் இருக்கிறது. அமோனியம் மீனை அவ்வளவாகக் கொல்லாது. அதில் ஒரு பங்கு அமோனியாவாக மாறும்போதுதான் கொல்லும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைப் பி.எச்.சும் சூடும் தீர்மானிக்கும். 30 டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதே சூட்டில் பி.எச். 8.2 என்றால் நூற்றுக்குப் பதினொன்று. மெல்லிய தண்ணீர் வைத்திருக்கும் ஒருவர் போட்டுத் தப்பித்த அளவு, சித்திரை மாதத்தில் மதுரைப் போர் தண்ணீரில் ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்யும். 12-61-0 என்ற மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டுக்கும் இதே தடை. கால்சியம் நைட்ரேட்டுக்கு இந்த ஆபத்து குறைவு, ஆனால் இருக்கிற கால்சியம் போதாதா?

வேருக்குக் கொடுக்கும் உருண்டை

தண்ணீரில் இரும்பு நிற்காத ஊரில் மணலுக்குள் நிற்கும். ஒரு அங்குலத்துக்குக் கீழே ஆக்சிஜன் குறைவு, பி.எச். மேலே இருப்பதைவிடக் கம்மி, இரும்பு அங்கே கரைந்த நிலையிலேயே இருக்கும். கிரிப்டோகொரைன், எக்கினோடோரஸ், வாலிஸ்நேரியா, நம் கண்மாய்களில் கிடைக்கும் கொட்டிக்கிழங்கு எல்லாம் வேரால் சாப்பிடுகிறவை. இவற்றுக்குத் தண்ணீரில் ஊற்றுவதைவிட அடியில் புதைப்பதே மேல்.

விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்கள் பயன்படுத்துவது போன்ற வண்டல் களிமண், காய்ந்து பொடியாக்கியது 100 கிராம். ஈ.டி.டி.எச்.ஏ. இரும்பு 3 கிராம். சிறிது தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டுங்கள். நூறு உருண்டை வரும். வேர் பலமாக உள்ள செடிக்கு, மெதுவாகக் கரையும் உர மணி நாலைந்தை ஒவ்வொரு உருண்டையின் நடுவில் வைத்து மூடலாம். நிழலில் மூன்று நாள் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். நீளக் கவ்வியால் பிடித்து மணலுக்குள் 2 அங்குலம் இறக்கி, மேலே மணலைத் தட்டிவிடுங்கள். அரை அடிக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. மேலோட்டமாக வைத்தால் ஒரு கொரிடோராஸ் மீன் கிளறி வெளியே போட்டுவிடும். உர மணியில் இருக்கும் அமோனியம் அப்போது தண்ணீருக்கு வந்துவிடும். செடியைப் பிடுங்கி இடம் மாற்றும்போதும் இதே ஆபத்து, அன்றைக்குத் தண்ணீர் மாற்றிவிடுங்கள்.

எந்த மண்ணானாலும், அலங்காரக் கல்லானாலும், தொட்டியில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து ஆர்.ஓ. தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்துக் கே.எச். பாருங்கள். 2-க்கு மேல் ஏறினால் அது சுண்ணாம்பு விடுகிறது. கரிசல் மண்ணில் சுண்ணாம்பு முடிச்சுகள் இருக்கும். பளிச்சென்ற வெள்ளைக் கற்களில் பாதி பளிங்கு உடைசல். தண்ணீரை மென்மையாக்கக் காசு செலவழித்துவிட்டு, அடியில் சுண்ணாம்புக் கல் பரப்பிய தொட்டிகள் ஏராளம்.

இலையைப் பார்த்துத் திருத்துவது

கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் இரும்பு. டோஸைக் கூட்டும் முன் பாக்கெட்டைத் திருப்பி எந்த வகை என்று படியுங்கள். ஹைக்ரோஃபிலா இருந்தால் சீக்கிரம் தெரியும்: சரியான இரும்பு போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்து விரியும் ஜோடி பச்சையாக வரும். ஏற்கெனவே வெளுத்தது திரும்பாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பழைய இலையில் குண்டூசிக் குத்து மாதிரி ஓட்டை, அதன் ஓரம் பழுப்பு என்றால் பொட்டாசியம். பழைய இலை நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ரிப்போர்ட்டில் 10-க்குக் கீழே இருந்தால் தண்ணீர் மாற்றும் அன்று, மாற்றிய ஒவ்வொரு 10 லிட்டருக்கும் எப்சம் உப்பு அரை கிராம். சாஃப்ட்னர் வீட்டிலும், ஆர்.ஓ. நிறையக் கலப்பவர்களிடமும் இது வரும். அடி இலை முழுசாக மஞ்சளாகிக் கரைந்தால் நைட்ரேட். கண்ணாடியில் பிளேடால் சுரண்ட வேண்டிய கெட்டியான பச்சைப் புள்ளி வந்தால் பெரும்பாலும் பாஸ்பேட் குறைவு; முதல் பாட்டிலில் 4 கிராமுக்குப் பதில் 6 போட்டுப் பாருங்கள். கொழுந்து முறுக்கிக்கொண்டு வந்தால் கால்சியம் குறைவு என்று எல்லா அட்டவணையும் சொல்லும். போர் தண்ணீரில் அது நடக்காது. வாயு ஏற்ற இறக்கமாக வருகிறதா என்று பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று, இரண்டு வாரம் பொறுமை.

கோடையும் மழையும்

மாசி தாண்டியதும் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். மேலே ஃபேன் வைத்தால் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும், பதிலுக்குத் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். நாளுக்கு ஒரு லிட்டர் குறைந்து, அதைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால், மூன்று வாரத்தில் 20 லிட்டர் போர் தண்ணீரின் உப்பு கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அதனால் குறைந்ததை நிரப்ப எப்போதும் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர், மாற்றும் அன்று மட்டும் கலவைத் தண்ணீர். சூட்டில் வாயு கரைவதும் குறையும், மீனுக்கு ஆக்சிஜனும் குறையும். சித்திரை, வைகாசியில் விளக்கை ஒரு மணி நேரம் குறைத்து, முதல் பாட்டிலையும் கொஞ்சம் குறைத்துவிடலாம்.

ஐப்பசிக்கு அப்புறம் நிலைமை தலைகீழ். சம்ப்புக்கு ஆற்றுத் தண்ணீர் தாராளமாக வரும், டி.டி.எஸ். மளமளவென்று இறங்கும். பழையபடி பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்துகொண்டிருந்தால் கே.எச். 3, 4 என்று போய்விடும். கப்பியும் மோலியும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்பது அதற்கு அடையாளம். மீட்டர் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காட்டினால் அன்றைக்கே ஆர்.ஓ. கலக்காத குழாய்த் தண்ணீரின் கே.எச். பாருங்கள். 10-க்குக் கீழே என்றால் ஆர்.ஓ.வை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீரையே ஊற்றலாம். மாற்றும் அளவை ஒரு தடவைக்கு 15 லிட்டராகக் குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கொண்டுவாருங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரினை நீக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட மறக்க வேண்டாம், போர் தண்ணீருக்குப் பழகிய கை அதை விட்டுவிடும்.